103ஆ, 104ஆ? 'ஸ்டேயிங் அலைவ்' பாட்டின் பிபிஎம் அளவீடு: ஒரு நிகழ்வு ஆய்வு

பீ ஜீஸ் குழுவின் 'ஸ்டேயிங் அலைவ்' 1977இல் வெளிவந்தது. அதன் வேகம் என்ன என்று தேடினால் ஓரிடத்தில் 103 பிபிஎம் (நிமிடத்துக்கு எத்தனை பீட், அதாவது தாள அடி) என்றும் இன்னோரிடத்தில் 104 என்றும் கிடைக்கும். இதயம் நின்றவரின் மார்பை அழுத்தி முதலுதவி செய்யக் கற்றுத்தருபவர்கள் இந்தப் பாட்டை மனத்துக்குள் ஓட்டிக்கொண்டே அழுத்தச் சொல்வது பலரும் அறிந்த செய்தி. அங்கே நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தினால் போதும். 103 என்றாலும் 104 என்றாலும் உயிர் காக்கும் வேலைக்குக் குறையில்லை. இரண்டு பாட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஓடவிடும் டிஜேவுக்கு அந்த ஒரு பிபிஎம் போதும், கலவை முழுவதும் குலைந்துவிடும்.

இதற்கான கணக்கை மனத்திலேயே போடலாம். இரண்டு பாட்டுகளுக்கு இடையே ஒரு பிபிஎம் வித்தியாசம் இருந்தால், ஒரு நிமிடத்தில் ஒன்று மற்றதைவிட ஒரு முழு பீட் முன்னே போயிருக்கும். 0.1 பிபிஎம் என்றால் பத்தில் ஒரு பீட். 103 பிபிஎம்மில் ஒரு பீட்டின் நீளம் 582.5 மில்லி விநாடி, 104இல் 576.9. பீட்டுக்கு 5.6 மில்லி விநாடி வீதம், நான்கு பீட் கொண்ட ஒரு பார் முடிவதற்குள் விலகல் 22 மில்லி விநாடியைத் தொட்டுவிடும். இரண்டு கிக் டிரம் அடிகள் 20, 30 மில்லி விநாடி விலகினாலே பழகிய காதில் ஒரே அடியாக விழாது. 'டக்' என்பது 'டடக்' ஆகிவிடும். ஆக, தவறான எண்ணை நம்பிக் கலக்கத் தொடங்கினால் இரண்டாவது பாரிலேயே கை, விலகலைத் திருத்தும் ஜாக் வீலைத் தேட வேண்டியிருக்கும்.

கணக்கு வசதிக்காக இந்தப் பாட்டின் வேகத்தை 103.5 என்று வைத்துக்கொள்கிறேன். ஒரு பீட் 579.7 மில்லி விநாடி. 16 பார் நீளத்துக்கு, அதாவது ஏறத்தாழ 37 விநாடிக்கு, கையை எடுத்துவிட்டு இரண்டு பாட்டுகளையும் ஓடவிட வேண்டும், விலகல் 20 மில்லி விநாடியைத் தாண்டக் கூடாது என்றால், அளவீட்டுப் பிழை 0.05 பிபிஎம்முக்குள் இருந்தாக வேண்டும். 32 பார் கலவைக்கு அதில் பாதி. இந்த வரம்பை முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எதற்காக அளக்கிறோம் என்று தெரியாதவர்தான் மூன்றாவது தசம இலக்கத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார், அல்லது முழு எண்ணோடு திருப்தி அடைந்துவிடுவார்.

இந்தப் பாட்டை ஏன் எடுத்தேன்

இதன் டிரம் பதிவுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அந்தக் கதைதான் அளவீட்டுக்குத் திறவுகோல். பிரான்சில் பாரிசுக்கு வெளியே உள்ள ஷாத்தோ டெரூவில் என்னும் பழைய மாளிகை ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை நடந்துகொண்டிருந்தது. குழுவின் டிரம்மர் டென்னிஸ் பிரையன் குடும்பக் காரணத்தால் ஊருக்குப் போக வேண்டி வந்தது. தயாரிப்பாளர் ஆல்பி கலூட்டனும் ஒலிப்பொறியாளர் கார்ல் ரிச்சர்ட்சனும் அவர் ஏற்கெனவே 'நைட் ஃபீவர்' பாட்டுக்காக வாசித்திருந்ததிலிருந்து இரண்டு பார்களை எடுத்து, டேப்பின் இரு முனைகளையும் ஒட்டி வளையமாக்கினார்கள். வளையம் நீளமானது. அதை மைக் ஸ்டாண்டின் வழியே சுற்றவிட்டு, டேப் தொய்யாமலிருக்க ஒரு பிளாஸ்டிக் ரீலை அதில் தொங்கவிட்டார்கள். வளையம் சுற்றச் சுற்ற அதே இரண்டு பார்கள் திரும்பத் திரும்ப ஒலிக்க, அதை முழு நீளத்துக்குப் பதிவு செய்து, அதன்மேல் மற்றக் கருவிகளையும் குரல்களையும் ஏற்றினார்கள். டிரம்மர் பெயர் 'பெர்னார்ட் லூப்' என்று குறிக்கப்பட்டது. அப்படி ஒருவர் கிடையாது. அந்த டேப் வளையம்தான் அவர். அதே வளையம் பின்னர் பார்பரா ஸ்ட்ரைசாண்ட் பாடிய 'வுமன் இன் லவ்' பாட்டிலும் ஒலித்தது.

இதனால் நமக்கு அருமையான ஒரு மாதிரி கிடைக்கிறது. இரண்டு பாருக்குள்ளே மனிதக் கையின் நெகிழ்ச்சி இருக்கிறது: ஸ்நேர் டிரம் ஓரிடத்தில் இழுத்து விழலாம், ஹை-ஹாட் தாளத்தட்டு ஓரிடத்தில் முந்தலாம். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் அதே இழுப்பு, அதே முந்தல். பாட்டின் சராசரிக் காலப்பிரமாணத்தைத் தீர்மானிப்பது வளையத்தின் நீளமும் டேப் ஓடும் வேகமும் மட்டும்தான்.

103.5 பிபிஎம்மில் எட்டு பீட்டுக்கு 4.638 விநாடி. டேப் விநாடிக்கு 30 அங்குலம் ஓடினால் வளையத்தின் நீளம் சுமார் 139 அங்குலம், அதாவது பதினொன்றரை அடிக்குச் சற்றே மேல். அந்த வேகத்தில் ஒரு மில்லிமீட்டர் டேப் கடக்க 1.3 மில்லி விநாடி ஆகும். பிளேடால் வெட்டி ஒட்டியபோது வெட்டு ஒரு மில்லிமீட்டர் தள்ளி விழுந்திருந்தால் பாட்டின் வேகம் 0.03 பிபிஎம் மாறியிருக்கும். அற்பம்போலத் தோன்றுகிறது. ஆனால் ஆல்பத்தில் உள்ள பாட்டின் நீளம் 4 நிமிடம் 45 விநாடி. அதற்குள் வளையம் அறுபது முறைக்கு மேல் சுற்றும். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையே சேரும் வித்தியாசம் 80 மில்லி விநாடி! ஒரு மில்லிமீட்டர் டேப், பாட்டின் முடிவில் தெளிவாகக் காதில் விழும் பிளவாக வளர்கிறது. பிபிஎம் ஏன் அழகான முழு எண்ணாக வராது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை. இந்தப் பாட்டின் வேகத்தை முழு எண்ணாக யாரும் திருகி வைக்கவில்லை; அது வாசிப்பிலிருந்தும் டேப்பிலிருந்தும் தானாக விழுந்த எண்.

அளந்து பார்க்கும் வழிகள்

பலரும் முதலில் கற்பது 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குவது. 103.5 பிபிஎம்மில் 15 விநாடிக்குள் 25.9 பீட் வரும். கடிகாரத்தை எப்போது அழுத்தினோம் என்பதைப் பொறுத்து 25 அல்லது 26 என்று எண்ணுவோம். விடை 100 அல்லது 104. இடையில் வேறு எண் வரவே முடியாது. இசைத்தட்டு உறையில் பென்சிலால் குறித்து வைக்க இது ஒரு காலத்தில் உதவியது. பாட்டுப் பெட்டியில் எதற்குப் பக்கத்தில் எதை அடுக்குவது என்று முடிவு செய்ய இன்றும் போதும். அதற்குமேல் இதைக் கேட்காதீர்கள்.

விரலால் தட்டி அளப்பது இதைவிட மிகவும் மேலானது, நிபந்தனை ஒன்றுதான்: நெடுநேரம் தட்ட வேண்டும். பழகிய விரலும் ஒவ்வொரு தட்டிலும் இருபது மில்லி விநாடி அளவுக்கு முன்பின்னாகும். முதல் தட்டிலும் கடைசித் தட்டிலும் உள்ள பிழைகள்தான் விடையைக் கெடுக்கின்றன. நடுவில் உள்ளவை எண்ணிக்கைக்கு மட்டுமே. இரண்டையும் சேர்த்தால் சுமார் 28 மில்லி விநாடி. 16 பீட் மட்டும் தட்டினால் இந்தப் பிழை 9.3 விநாடியின் மேல் விழுந்து 0.3 பிபிஎம் ஆகிறது. 128 பீட் தட்டினால் 0.04 ஆகக் குறைகிறது. 256 பீட் என்றால் 0.02. நிலம் அளப்பவர் சங்கிலியை எல்லைக்கல் முதல் எல்லைக்கல்வரை இழுப்பது இதற்காகத்தான்: முனைகளில் நேரும் பிழை அதே அளவுதான், பங்கு போடும் தூரம் கூடக் கூட அது தேய்ந்துவிடுகிறது.

மனிதர்கள் பொதுவாகப் பீட்டுக்குச் சற்று முன்னதாகவே தட்டுகிறார்கள் என்பது ஆய்வுகளில் பலமுறை கண்டது. அதைப் பற்றிக் கவலை வேண்டாம். முதல் தட்டும் கடைசித் தட்டும் ஒரே அளவு முந்தினால் கழித்தலில் அது போய்விடும். எச்சரிக்கை வேண்டியது எண்ணிக்கையில். முதல் தட்டு 'ஒன்று' ஆகாது. அதைச் சுழியாகக் கொள்ள வேண்டும். 128 இடைவெளிகளுக்கு 129 தட்டுகள். தட்டுகளை எண்ணி அதையே இடைவெளி என்று வகுத்தால் 128 பீட்டுக்கு 0.8 பிபிஎம் பிழை வந்து, நெடுநேரம் தட்டியதன் பயன் முழுவதும் வீணாகும். தட்டத் தொடங்கியதும் கடிகாரத்தை ஓட்டாமல், ஓரிரு பார் லயம் பிடித்த பிறகு தொடங்குவதும் நல்லது.

அடுத்தது மென்பொருள். திரையில் 103.36 என்று இரண்டு தசம இலக்கத்தோடு ஓர் எண் ஒளிரும்போது அதைச் சந்தேகிக்க யாருக்கும் மனம் வருவதில்லை. ஆய்வாளர்களும் நிரல் எழுதுபவர்களும் பெரிதும் பயன்படுத்தும் லிப்ரோசா என்னும் பைத்தான் தொகுப்பை எடுத்துக்கொள்வோம். அதன் இயல்பு அமைப்பில் ஒலி விநாடிக்கு 22,050 மாதிரிகளாகக் குறைக்கப்பட்டு, 512 மாதிரிக்கு ஒரு முறை 'இங்கே புதிய அடி விழுந்ததா' என்று பார்க்கப்படுகிறது. அதாவது 23.2 மில்லி விநாடிக்கு ஒரு கட்டம். பீட்டின் நீளம் முழுக் கட்டங்களாகவே கணக்கிடப்படுகிறது. 24 கட்டம் என்றால் 107.67 பிபிஎம், 25 என்றால் 103.36, 26 என்றால் 99.38. நமது பாட்டின் அருகே அதனால் சொல்லக்கூடிய எண்கள் இவைதான். 103.5க்கு மிக அருகில் இருப்பதால் 103.36 வருகிறது. அதைப் பார்த்தால் நூறில் ஒரு பங்குவரை அளந்த எண்போலத் தெரிகிறது. உண்மையில் நான்கு பிபிஎம் இடைவெளியுள்ள ஏணியின் ஒரு படி அது. அந்த எண்ணை வைத்துக் கலந்தால் நிமிடத்துக்கு 80 மில்லி விநாடி நழுவும். இதே காரணத்தால்தான் துல்லியமான 128 பிபிஎம் பாட்டுக்கு அந்தத் தொகுப்பு 129.2 என்று சொல்வதைப் பார்க்கலாம். இது அந்தத் தொகுப்பின் குறை அல்ல. அது வேறு வேலைக்காகச் செய்யப்பட்டது. டிஜே மென்பொருள்கள் இங்கே நின்றுவிடுவதில்லை. முதலில் இப்படித் தோராயமாகக் கண்டு, பிறகு பாட்டு முழுவதிலும் பீட்டுகள் விழும் இடங்களைத் தேடி, அவற்றுக்குக் குறுக்கே ஒரு கோட்டைப் பொருத்துகின்றன. நம்பத் தகுந்தது அந்த இரண்டாவது வேலை.

மென்பொருள் இரட்டிப்பாகவோ பாதியாகவோ சொல்வதும் உண்டு: 87க்குப் பதில் 174. அது கண்ணில் பட்டதும் திருத்தக்கூடியது. தொல்லை தருவது திஸ்ர நடைப் பாட்டுகள். மூன்று மூன்றாக ஓடும் நடையில் மென்பொருள் நான்கைத் தேடிப் பிடித்து, உண்மையான வேகத்தின் ஒன்றரை மடங்கையோ மூன்றில் இரண்டு பங்கையோ காட்டும். நம் ஊர்க் குத்துப் பாட்டுகளை ஆராயவிட்டவர்களுக்கு இது புதிதாக இருக்காது. அங்கே காலால் தட்டிப் பார்ப்பதுதான் முதல் சோதனை.

அலைவடிவத்தில் அளப்பது

நான் கடைசியாக நம்புவது இதைத்தான். பாட்டை ஆடாசிட்டி போன்ற ஒரு மென்பொருளில் திறந்து, தொடக்கத்தில் தெளிவாகத் தெரியும் ஒரு பாரின் முதல் கிக் அடியைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். அமைதியான கோடு திடீரென்று எழும் இடத்தில் புள்ளி வைத்து நேரத்தைக் குறிக்க வேண்டும். பிறகு பாட்டின் பின்பகுதியில் இன்னொரு பாரின் முதல் கிக். இந்தப் பாட்டு முடிவில் படிப்படியாக ஒலி மங்கி மறைகிறது. ஆகவே கடைசிப் புள்ளியை மங்கத் தொடங்குவதற்கு முன்னேயே வைக்க வேண்டும். மங்கிய பிறகு எழுச்சி எங்கே என்று கண்ணால் சொல்ல முடியாது. இடையில் உள்ள பார்களை எண்ணி நான்கால் பெருக்கினால் பீட்டுகள். பீட்டுகளை 60ஆல் பெருக்கி, இடைப்பட்ட விநாடிகளால் வகுத்தால் பிபிஎம். நான்கு நிமிட இடைவெளியில் இரு முனையிலும் ஒரு மில்லி விநாடி பிழை செய்தாலும், விடை ஆயிரத்தில் ஒரு பங்கு பிபிஎம் அளவுக்கே மாறும். நமக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு நல்லது.

கிக்கோடு பேஸ் கிட்டாரும் சேர்ந்து விழுந்தால் எழுச்சி மங்கலாகத் தெரியும். அப்போது ஸ்நேரை எடுத்துக்கொள்ளலாம். எதை எடுத்தாலும் இரு முனையிலும் அதே அடியாக இருக்க வேண்டும். இந்தப் பாட்டில் இன்னும் கவனம் தேவை: வளையம் இரண்டு பார் நீளம் என்பதால், முதல் முனையில் ஒற்றைப்படைப் பாரின் கிக்கை எடுத்தால் மறு முனையிலும் ஒற்றைப்படைப் பாரின் கிக்கையே எடுக்க வேண்டும். அப்போது ஒரே டேப் துண்டின் ஒரே அடியை இருமுறை அளக்கிறோம். வாசித்தவரின் கை நெகிழ்ச்சி கணக்கிலிருந்து முழுவதும் விலகிவிடும்.

முனைகளை அளந்ததோடு நிறுத்தக் கூடாது. கிடைத்த எண்ணில், பீட்டுக்கு ஒரு கோடு வீதம் அமைந்த பீட்கிரிட்டைப் பாட்டின்மேல் விரித்து, நடுவில் பல இடங்களில் கிரிட் கோட்டுக்கும் உண்மையான அடிக்கும் எவ்வளவு விலகல் என்று குறிக்க வேண்டும். இந்த விலகல்களின் வடிவம் சொல்லும் செய்திதான் முழு வேலையிலும் மிகச் சுவையான பகுதி.

விலகல் பாட்டு முழுதும் ஒரே அளவாக இருந்தால் பிபிஎம் சரி, முதல் பீட்டை வைத்த இடம்தான் தவறு. விலகல் சீராக ஏறிக்கொண்டே போனால் பிபிஎம் தவறு. ஏறும் சரிவிலிருந்து சரியான எண்ணைக் கணக்கிடலாம். இரு முனைகளிலும் சுழியாக இருந்து நடுவில் வில்லாக வளைந்தால் பாட்டே வேகம் மாறி ஓடுகிறது. அப்படிப்பட்ட பாட்டுக்கு ஒற்றை எண் கிடையாது, எத்தனை தசம இலக்கம் போட்டாலும் கிடையாது. டிரம்மர் நேரடியாக வாசித்த பதிவுகள் பலவும் இந்த வகைதான். பல்லவியில் ஒரு வேகம், இசைக்குழு முழுதாக எழும் இடத்தில் சற்றுக் கூடுதல். வளையத்தில் ஓடும் பாட்டில் நாம் எதிர்பார்ப்பது நான்காவது வடிவம்: இரண்டு பாருக்கு ஒரு முறை அதே மேடு பள்ளம், நெடுந்தூரத்தில் தட்டையான கோடு. டேப்பின் இழுவிசை ஓரிடத்தில் மாறியிருந்தால் அந்தத் தட்டைக் கோட்டில் ஒரு முறிவு தெரியும். அந்தத் தொங்கும் ரீலின் வேலை அந்த முறிவைத் தடுப்பதுதான்.

முதல் மூன்று வடிவங்களையும் மென்பொருள் 'பிபிஎம்' என்னும் ஒரே கட்டத்துக்குள் ஒரே மாதிரி எண்ணாகத்தான் காட்டும். வளைந்து ஓடும் பாட்டுக்கு, ரெக்கார்ட்பாக்ஸ் என்னும் டிஜே மென்பொருளில் வேக மாற்றத்தைப் பின்தொடரும் டைனமிக் முறையைத் தேர்ந்தெடுக்கலாம். செராட்டோவில் பல இடங்களில் கிரிட் குறிகளை நடலாம். ஏபிள்டன் லைவில் வார்ப் குறிகள் இருக்கின்றன. மிக்ஸ் (Mixxx) என்னும் மென்பொருளில் வேகம் மாறாதது என்று எடுத்துக்கொள்ளச் சொல்லும் தேர்வு ஒன்று உண்டு. வளையப் பாட்டுக்கு அதை இயக்க வேண்டும், நேரடி வாசிப்புக்கு அணைக்க வேண்டும். மாறாத வேகமுள்ள பாட்டில் டைனமிக் முறையை இயக்கினால் வாசிப்பின் சின்னச் சின்ன நெகிழ்ச்சிகளையெல்லாம் வேக மாற்றம் என்று எடுத்துக்கொண்டு கிரிட் நடுங்கும். நல்ல பாட்டைக் கெடுக்க அது போதும்.

எந்தப் பிரதியை அளக்கிறோம்

பிபிஎம் என்பது கையில் உள்ள பிரதிக்கு உரியது, பாட்டின் பெயருக்கு உரியதல்ல. இசைத்தட்டில் நடுத்துளை அரை மில்லிமீட்டர் விலகியிருந்தால், மையத்திலிருந்து பத்து சென்டிமீட்டர் தொலைவில் வேகம் ஒவ்வொரு சுற்றிலும் அரை சதவீதம் கூடிக் குறையும். நமது பாட்டில் அது அரை பிபிஎம் ஊசல். அந்த நேரத்து வேகத்தைக் காட்டும் மீட்டரைப் பார்ப்பவர் பதறிப்போவார். ஆனால் 33⅓ வேகத்தில் ஒரு சுற்று 1.8 விநாடிதான், அடிகள் தம் இடத்திலிருந்து அதிகபட்சம் ஒன்றரை மில்லி விநாடி மட்டுமே நகரும், அடுத்த அரைச் சுற்றில் திரும்பிவிடும். கலவைக்கு இதனால் தீங்கில்லை. டெக்னிக்ஸ் எஸ்எல்-1200எம்கே2 போன்ற குவார்ட்ஸ் கட்டுப்பாடுள்ள இசைத்தட்டுச் சுழல்மேடையில் பார்க்க வேண்டியது, வேகத்தை மாற்றும் ஃபேடர் நடுவில் நிற்கிறதா என்பதைத்தான்.

தமிழ்த் திரைப்பாடல்களை வீடியோவிலிருந்து எடுப்பவர்களுக்கு இங்கே ஒரு பொறி இருக்கிறது. படம் விநாடிக்கு 24 பிரேம். பால் (PAL) என்னும் வீடியோ முறையில் தயாரான டிவிடியில் அதை 25 பிரேமாக ஓட்டும்போது 4.17 சதவீத வேகம் கூடுகிறது. ஆடியோ சிடியில் 120 உள்ள பாட்டு அங்கே 125. ஒலியையும் சேர்த்து வேகப்படுத்தியிருந்தால் சுருதியும் ஏறத்தாழ முக்கால் அரைச்சுரம் ஏறியிருக்கும். ஒரே பாட்டின் இரண்டு பிரதிகள் இப்படி 25க்கு 24 என்ற விகிதத்தில் வேறுபட்டால் காரணம் தேடி அலைய வேண்டாம்.

எம்பி3 கோப்புகளில் வேகம் மாறாது, தொடக்கம் நகரும். அதன் ஒரு பிரேம் 1,152 மாதிரிகள், 26 மில்லி விநாடி. ஒரு மென்பொருளில் சரியாக அமைத்த கிரிட்டை இன்னொன்றுக்கு மாற்றும்போது சில கோப்புகளில் எல்லாக் கோடுகளும் தள்ளி நிற்பது இந்த அளவில்தான். பிபிஎம்மைத் தொடாமல் கிரிட்டை மட்டும் நகர்த்தினால் சரியாகிவிடும். முடிந்தால் அளக்கும் வேலையை வேவ் கோப்பில் செய்வது நல்லது.

கடைசிச் சோதனை காதால். 103.50 பிபிஎம்மில் ஒரு கிளிக் தடத்தை உருவாக்கி, பாட்டின் முதல் அடியோடு பொருத்தி, இரண்டையும் சேர்த்து ஓடவிட வேண்டும். தொடக்கத்தில் இரண்டும் ஒன்றாக விழும். 240 விநாடி கழித்துப் பாட்டின் அடி கிளிக்குக்கு 30 மில்லி விநாடி முன்னதாக விழுந்தால், பாட்டு சற்று வேகமாக இருக்கிறது. 103.5ஐ 240ஆல் பெருக்கி 239.97ஆல் வகுத்தால் 103.513. அதை எழுதி, கிளிக்கை அந்த எண்ணில் மீண்டும் உருவாக்கி, நடுவிலும் முடிவிலும் இன்னொரு முறை கேட்டுவிட்டு, கிரிட்டைப் பூட்டிச் சேமித்துக்கொள்ளலாம்.